முப்பது நாளும் நான்கு மணியும்: தமிழகம் – ஜொகூர் பயணக் காலம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழகத்துக்கும் ஜொகூருக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று இன்றைய மாணவர் ஒருவரைக் கேட்டால், அவர் பெரும்பாலும் கிலோமீட்டரில் விடை சொல்வதில்லை. 'நான்கு மணி நேரம்' என்பார். அதே வினாவைத் தோட்டப்புறத்தில் பிறந்து எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரிடம் கேட்டால், 'கப்பலில் ஒரு வாரம்' என்ற விடை வரக்கூடும். இருவரும் தூரத்தைக் காலத்தால் அளக்கின்றனர். இடையில் உள்ள கடல் அன்றிருந்த அதே கடல்தான். ஆயினும் அவ்விரு விடைகளுக்கும் இடையே ஒரு சமுதாயத்தின் முழு வரலாறும் அடங்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் குடியேற்றத்தின் காரணங்களையும் எண்ணிக்கையையும் தொழில் நிலையையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பயணத்துக்குச் செலவான காலம், அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை என்பது நம் கருத்து. பயணக் காலம் குறையக் குறையத் தாயகத்துடனான உறவு நெருங்கியிருக்க வேண்டும் என்று நாம் இயல்பாகவே கருதுகிறோம். அக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஜொகூரை நடுவாக வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

தூரத்தின் கணக்கு

முதலில் மாறாத அளவைக் காண்போம். சென்னை விமான நிலையத்துக்கும் ஜொகூர் மாநிலத்தின் செனாய் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள நேர்த்தொலைவு ஏறத்தாழ 2,880 கிலோமீட்டர். திருச்சிராப்பள்ளியிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 2,940 கிலோமீட்டர். நேர்த்தொலைவு என்பது உருண்டையான புவியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகும். அந்தக் கோட்டை வரைந்து பார்த்தால் அது வங்காள விரிகுடாவைத் தென்கிழக்காகக் கடந்து, நிக்கோபார்த் தீவுகளின் தென்பகுதியை அணுகி, சுமத்திராவின் வடபகுதியையும் மலாக்கா நீரிணையையும் தொட்டு ஜொகூரை அடைகிறது.

இவ்வழி நமக்குப் புதியதன்று. முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தி, கடாரத்தோடு மாநக்கவாரத்தையும் இலாமுரி தேசத்தையும் குறிப்பிடுகிறது. மாநக்கவாரம் நிக்கோபார் என்றும் இலாமுரி சுமத்திராவின் வடமுனை என்றும் ஆய்வாளர் இனங்கண்டுள்ளனர். அன்றைய மரக்கலத்துக்கும் இன்றைய விமானத்துக்கும் அடையாளப் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றே.

பயணிகள் விமானமொன்று ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் பறக்கிறது. 2,880 கிலோமீட்டரை இவ்வேகத்தால் வகுத்தால் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் வரும். மேலெழுவதற்கும் கீழிறங்குவதற்கும் ஓடுதளத்தில் ஊர்வதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் நான்கு மணியை எட்டும். மாணவர் சொல்லும் விடை இதுவே.

கடிகாரமோ வேறு கணக்குச் சொல்லும். இரவு 11 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்தவர், இங்குள்ள கடிகாரப்படி காலை 5.30 மணிக்கு இறங்குவார். ஆறரை மணி நேரம் கழிந்ததுபோல் தோன்றும். திரும்பும்போது இரவு 9 மணிக்குப் புறப்பட்டவர் இந்திய நேரப்படி 10.30 மணிக்கே சென்னையில் இருப்பார். ஒன்றரை மணி நேரத்தில் கடல் தாண்டியதுபோல் தோன்றும்.

இவ்விரண்டரை மணி வேறுபாட்டில் கதிரவனின் பங்கு பெரிது. அரசாணையின் பங்கும் உண்டு. இரு நகரங்களுக்கும் இடையே உள்ள தீர்க்கரேகை வேறுபாடு ஏறத்தாழ 23½ பாகை. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால் கதிரவன் அங்கே 94 நிமிடம் பிந்தி உதிக்க வேண்டும். 1982 சனவரி முதல் நாள் வரை தீபகற்ப மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இரண்டு மணி நேர வேறுபாடே இருந்தது. அன்று சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றுபடத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. நிலம் நகரவில்லை, தாயகம் கடிகாரத்தில் அரைமணி தள்ளிப் போயிற்று.

காற்றை நம்பிய காலம்

பாய்மரக் கலங்கள் ஓடிய காலத்தில் பயணக் காலம் எவ்வளவு? நல்வாய்ப்பாக நமக்கொரு சான்று உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீனத் துறவி இத்சிங், இந்தியாவுக்குச் சென்ற துறவியரின் வரலாறுகளைத் தொகுத்தார். அவருள் ஒருவரான வூசிங், கடாரத்தில் கலமேறி மேற்கு நோக்கி முப்பது நாள் பயணம் செய்து நாகப்பட்டினத்தை அடைந்தார் என்று அதில் காண்கிறோம். அவர் புறப்பட்டது குளிர்காலத்தின் இறுதி. வடகிழக்குப் பருவக்காற்று மேற்கு நோக்கித் தள்ளும் காலம் அது.

கடாரத்துக்கும் நாகைக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 2,330 கிலோமீட்டர். முப்பது நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 78 கிலோமீட்டரும் மணிக்கு மூன்றே கால் கிலோமீட்டரும் வரும். இது சாலையில் நடந்து செல்வோரின் வேகத்தைவிடக் குறைவு. இக்கணக்கிலும் முழுச் செலவு அடங்கவில்லை. மேற்கே போகும் காற்று வேறு. கிழக்கே வரும் காற்று வேறு. ஒரு காற்றில் சென்றவர் மறு காற்றுக்காகப் பல மாதம் காத்திருந்தே திரும்ப இயலும். நாகையும் கடாரமும் வெறும் துறைமுகங்களாக நின்றுவிடாமல் வணிகர் தங்கிய ஊர்களாகவும் வழிபாட்டு இடங்களாகவும் வளர்ந்ததற்கு இக்காத்திருப்பும் ஒரு காரணமாதல் வேண்டும்.

காற்றின் ஆட்சி விமானத்தோடு முடிந்துவிட்டது என்று கருதுதல் பிழை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், தென்னிந்தியாவுக்கும் வங்கக் கடலுக்கும் மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக வலிய தாரைக்காற்று ஓடுகிறது. இந்திய வளிமண்டலவியலார் பி. கோட்டீசுவரம் 1958இல் வெளியிட்ட ஆய்வால் இது உலகறிய விளக்கம் பெற்றது. அக்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்ப்பதாகக் கொண்டால், கிழக்கே வரும் விமானத்துக்கு 2,880 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 44 நிமிடம் ஆகும். அதே காற்றைத் துணையாகக் கொண்டு திரும்பும் விமானத்துக்கு 3 மணி 14 நிமிடம் போதும். சோழர் காலத்து மாலுமியைக் கிழக்கே செலுத்திய அதே பருவத்தில்தான் விமானி கிழக்கே வர அரைமணி கூடுதலாகச் செலவிடுகிறார். கடல் மட்டத்தில் துணையாகும் பருவம் வானில் தடையாகிறது.

நீராவிக் கப்பலும் ஒரு வாரமும்

நீராவிக் கப்பல் காற்றின் பிடியிலிருந்து பயணியை விடுவித்தது. மணிக்கு 12 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கப்பல் நாகையிலிருந்து பினாங்கை நான்கரை நாளில் அடைந்துவிடும். சென்னையில் தொடங்கி, நாகையில் ஆளேற்றி, பினாங்கையும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் தொட்டுச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று.

இவ்வழியில் நெடுங்காலம் ஓடிய கப்பல் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் கட்டப்பட்ட இக்கப்பல், இரண்டாம் உலகப் போர் ஆண்டுகள் நீங்கலாக, 1973 வரை இரு கரைகளையும் இணைத்தது. தொடக்கத்தில் ஐயாயிரம் அளவிலான மேல்தளப் பயணிகளை ஏற்றும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது என்பது, அக்காலப் பயணிக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பதை உணர்த்தும். அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1972 முதல் இந்தியக் கப்பல் கழகத்தின் உடைமையாயிருந்தது. 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிப் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தை எதிர்த்து நின்ற வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கிய கப்பல், அந்நிறுவனத்துக் கப்பல் ஓய்ந்த வழியில் ஓடியது வரலாற்றின் ஒரு நயம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் நேர்ந்த தீ விபத்தோடு அதன் பயணிகள் சேவையும் முடிவுற்றது.

ஆனால் ஒரு வாரம் என்பது கப்பலின் காலம் மட்டுமே. ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளியின் காலத்தை வேறுவகையில் கூட்ட வேண்டும். ஊரிலிருந்து கங்காணியோடு புறப்பட்டு, ஆவடி அல்லது நாகப்பட்டினத்து முகாமில் தங்கி, மருத்துவச் சோதனை முடித்துக் கப்பலேற வேண்டும். கரை சேர்ந்தபின் தொற்றுத்தடுப்பு முகாம். சிங்கப்பூரில் இறங்கியோர்க்கு அது செயின்ட் ஜான் தீவு. அங்கு நோயேதும் இல்லை எனத் தெளிந்த பின்னரே தொடர்வண்டி. 1909இல் நிறைவுற்ற ஜொகூர் இரயில் பாதை கூலாய், ரெங்கம், சிகாமட் வழியாகக் கிம்மாசில் மற்ற மாநிலங்களின் பாதையோடு இணைந்தது. 1923இல் ஜொகூர் கடற்பாலத்தில் தொடர்வண்டி ஓடத் தொடங்கும் வரை சிங்கப்பூரிலிருந்து வந்தோர் நீரிணையைப் படகில் கடக்க வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் கூட்டினால் கப்பலின் ஒரு வாரம் பல வாரங்களாக நீளும்.

இந்நீண்ட வழியில் வரும்போது கூலியாள் பயணச் செலவைத் தரவில்லை. 1907இல் உருவான தமிழர் குடியேற்ற நிதியிலிருந்து அது ஈடுசெய்யப்பட்டது. திரும்பிச் செல்வது அவர் விருப்பத்தையோ வசதியையோ மட்டும் பொறுத்ததாய் இல்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் அவ்வழி வந்தோர் தொகை அருகியது.

அக்காலத்தில் தாயின் இறப்பைத் தெரிவிக்கும் தந்தி ஒன்று குளுவாங் தோட்டமொன்றில் இருக்கும் மகனுக்குக் கிடைக்கிறது எனக் கொள்வோம். அன்றே சிங்கப்பூரில் கப்பல் நின்றாலும் கடலில் ஒரு வாரம். இறங்கியபின் ஊருக்கு மேலும் ஒரு நாள். கொள்ளி வைக்க அவர் வருவார் என்று யாரும் காத்திருக்க இயலாது. கப்பல் புறப்படும் நாள் பத்து நாள் தள்ளியிருந்தால் பதினாறாம் நாள் கருமாதிக்கும் போய்ச் சேர முடியாது. செலவுக்குப் பணமும் தோட்டத்தில் விடுப்பும் கிடைத்திருந்தாலும் முடிவு இதுவே. தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது கப்பல் துறையில்தான். தூரம் என்பது இங்கே கடமையைச் செய்ய இயலாமையின் அளவாயிற்று.

வானூர்தி வந்த வழி

1932 அக்டோபரில் டாட்டா நிறுவனம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு அஞ்சல் விமானத்தை இயக்கத் தொடங்கியது. 1933 இறுதியில் இம்பீரியல் ஏர்வேசின் இலண்டன் வழித்தடம் சிங்கப்பூரை எட்டியது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தும் சென்னையும் சிங்கப்பூரும் நேராக இணையவில்லை. சிங்கப்பூர் விமானம் கல்கத்தா, இரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் எனக் கரையைச் சுற்றியே வந்தது. நாகைக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. அதனை இடையில் இறங்காமல் கடக்க அன்றைய பயணிகள் விமானத்தின் எரிபொருள் போதாது. பாய்மரக் கலம் நேராகக் கடந்த கடலை விமானம் சுற்றிச் சென்ற காலம் அது.

போருக்குப் பின் இந்நிலை மாறியது. நெடுந்தொலைவு பறக்கும் நான்கு இயந்திர விமானங்கள் வந்தன. 1954இல் ஏர் இந்தியா சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களைப் பெற்றுச் சிங்கப்பூருக்குச் சேவையைத் தொடங்கியது. மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறந்த அவ்வகை விமானத்துக்கு 2,900 கிலோமீட்டர் ஆறு மணிப் பயணம். 1960இல் போயிங் 707 ஜெட் விமானம் அந்நிறுவனத்தில் சேர்ந்தபோது அது நான்கு மணி அளவுக்குச் சுருங்கியது. 1960க்குப் பின் வேகம் பெரிதாக வளரவில்லை என்பதை இங்கே கருத வேண்டும். அன்றைய நான்கு மணியே இன்றைய நான்கு மணி. அதன்பின் மாறியது, அந்த நான்கு மணியை யார் வாங்க முடிந்தது என்பதே.

1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழ் மாநாட்டிற்கு, மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று உழைத்தார். பல நாட்டு அறிஞர் ஒரு வாரத்துக்குக் கூடிக் கலைய முடிந்ததற்கு வானூர்தியின் துணை பெரிது. அதே ஆண்டுகளில் தோட்டப்புறத் தமிழரின் ஊர்தி ரஜூலாவாகவே இருந்தது. ஒரே கடலை ஒரே ஆண்டில் சிலர் நான்கு மணியிலும் பலர் ஒரு வாரத்திலும் கடந்தனர். ஆகவே கப்பல் யுகம் முடிந்து விமான யுகம் தொடங்கியது என்று ஓர் ஆண்டைக் குறிப்பிடுவது பொருந்தாது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இரு யுகங்களும் அருகருகே நிலவின.

1968இல் இயற்றப்பட்ட வேலை அனுமதிச் சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாத பல்லாயிரம் தமிழர் நாடு திரும்பினர். பெரும்பாலோர் சென்றது கப்பலில். குடியுரிமை பெற்ற மகனும் பெறாத தந்தையும் துறைமுகத்தில் பிரிந்தபோது, ஜெட் விமானம் அக்கடலை நான்கு மணியில் கடந்துகொண்டிருந்தது. அவர்களைப் பிரித்தது கடப்பிதழும் அடையாள அட்டையும். இரு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பொறியியல் மட்டும் வரையறுப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஜொகூரின் இன்றைய நிலை

2008 டிசம்பரில் ஏர் ஏசியா தன் முதல் இந்தியத் தடமாகக் கோலாலம்பூர் – திருச்சிராப்பள்ளி சேவையைத் தொடங்கியது. பெருநகரங்களை விடுத்துத் திருச்சியைத் தேர்ந்ததில் பொருள் உண்டு. மலேசியத் தமிழரின் முன்னோர் பலர் புறப்பட்ட தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் ஆகிய வட்டாரங்களுக்குத் திருச்சியே வாயில். நாகைத் துறைமுகம் இழந்த இடத்தைத் திருச்சி விமான நிலையம் பெற்றுக்கொண்டது எனலாம்.

ஜொகூருக்கும் தன் விமான நிலையம் உண்டு. செனாய் 1974இல் திறக்கப்பட்டது. ஆயினும் தமிழகம் செல்லும் ஜொகூர்வாசிகள் நெடுங்காலமாகச் சிங்கப்பூரையோ கோலாலம்பூரையோ நாடியே வந்துள்ளனர். கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தை அடைய நெடுஞ்சாலையில் முந்நூறு கிலோமீட்டர் அளவு செல்ல வேண்டும். பேருந்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வங்கக் கடலைக் கடக்கும் காலமும் இதுவே. சாங்கி விமான நிலையம் தூரத்தில் அண்மையது. ஆனால் இடையில் ஒரு நாட்டு எல்லை உண்டு. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் ஜொகூர் கடற்பாலத்தையும் அதன் இருபுறத்துக் குடிநுழைவுச் சோதனைகளையும் கடக்கப் பண்டிகைக் காலத்தில் பல மணி நேரம் ஆவதுண்டு. 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் நெரிசலை முற்றிலும் நீக்கவில்லை. அன்று செயின்ட் ஜான் தீவில் காத்திருந்த தொழிலாளிக்கும் இன்று பாலத்தில் பேருந்துக்குள் காத்திருக்கும் பேரனுக்கும் நிலையில் பெரும் வேறுபாடு உண்டு. எனினும் கடலைவிடக் கரையே நேரத்தை விழுங்குகிறது என்ற உண்மை மாறவில்லை.

மற்றொரு மாற்றமும் கருதத்தக்கது. ஒரு வாரப் பயணம் இருந்த காலத்தில் தொழிலாளிக்கு ஊரில் தாய் இருந்தாள், உடன்பிறந்தார் இருந்தனர், முறைப்பெண் இருந்தாள். போக முடியவில்லை. நான்கு மணிப் பயணம் எளிதாகியபோது, மூன்றாம் நான்காம் தலைமுறைப் பேரனுக்கு அங்கே பெயர் தெரிந்த உறவினர் பலருக்கும் இல்லை. சிலருக்கு ஊரின் பெயரும் தெரிவதில்லை. அவர் திருச்சியில் இறங்கிக் கோயில்களைக் கண்டு, துணிமணி வாங்கித் திரும்புகிறார். பாதை திறந்தபோது அழைப்பார் இல்லாமற் போயினர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில தெளிவுகளை நாம் பெறுகிறோம். முப்பது நாள் ஒரு வாரமாகி, ஒரு வாரம் நான்கு மணியானது. முப்பது நாளை 720 மணியாகக் கொண்டால் பயணக் காலம் 180இல் ஒரு பங்காகச் சுருங்கியது. இச்சுருக்கத்தை இயந்திரம் செய்தது. ஆனால் அதன் பயன் யாருக்கு, எப்போது கிடைத்தது என்பதைக் கூலியும் குடியுரிமைச் சட்டமும் எல்லைச் சோதனையும் தீர்மானித்தன. பயணக் காலம் குறைந்ததால் உறவு நெருங்கியது என்ற பொதுக்கருத்து ஜொகூர்த் தமிழரைப் பொறுத்தவரை முழுதும் பொருந்தவில்லை. வேகம் மிகுந்த காலம் வருவதற்குள், அவ்வேகத்தால் பயனடைந்திருக்க வேண்டிய தலைமுறை பெரும்பகுதி மறைந்துவிட்டது.

அத்தலைமுறையில் எஞ்சியிருப்போர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். சிறுவயதில் ரஜூலாவில் வந்தோரும், பெற்றோரை வழியனுப்பத் துறைமுகம் சென்றோரும் இன்று முதுமையின் எல்லையில் நிற்கின்றனர். கப்பலின் எடையும் வேகமும் ஆவணங்களில் கிடைக்கும். மேல்தளத்தில் எங்கே படுத்தனர், என்ன உண்டனர், முகாமில் எத்தனை நாள் இருந்தனர், எந்தக் கடிதம் பிந்தி வந்தது என்பன அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரிடம் ஒரு சிறு பணியை ஒப்படைக்கலாம். வீட்டில் உள்ள மூத்தோரிடம், 'ஊரிலிருந்து இங்கே வர எத்தனை நாளாயிற்று?' என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி வரச் சொல்லலாம். 2,880 கிலோமீட்டர் என்ற எண்ணை நாளையும் கணக்கிட்டுக்கொள்ள முடியும். மற்றதை நாளை கேட்க எவரும் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.